“நன்றியறிதலுள்ளவர்”: திருமறைச் சொல் ஒன்றின் வரலாறு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், செங்கற்பட்டைக் கடந்து மதுராந்தகத்தை அடைவதற்குச் சற்று முன்னர்க் கருங்குழி என்னும் ஊர் அமைந்துள்ளது. வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூரை அடுத்தது, இது வேறு. கருநாடகப் போர்களில் பலமுறை கைமாறிய கோட்டை ஒன்று இங்கு இருந்தது. 1759ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படை அதனைக் கைப்பற்றியது. பின்னர்க் கும்பினியார் ஆட்சியில் ஒரு காலம் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைமையிடமாகவும் இவ்வூர் விளங்கிற்று. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் பெற்ற இந்நிலப்பகுதியை அக்காலத்தில் ‘ஜாகீர்’ என வழங்கினர். 1794 முதல் 1798 வரை இதன் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் என்பவர்.

இவரைப் பற்றி மதுராந்தகத்தில் இன்றும் வழங்கும் கதை ஒன்றுண்டு. பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலையிலிருந்தது. அவ்வூர் இராமர் கோயிலில் தாயார் சந்நிதி கட்டித் தருமாறு அர்ச்சகர்கள் முன்பு அவரிடம் வேண்டியிருந்தனர். இரவில் கரையைப் பார்வையிடச் சென்ற பிளேஸ், வில்லேந்திய இருவர் அக்கரையைக் காத்து நிற்கக் கண்டாராம், கரை உடையவில்லை, சந்நிதி கட்டப்பட்டது. ‘ஏரி காத்த இராமர்’ என்னும் பெயரும் இக்கதையை ஒட்டியே வழங்குகிறது. கதையின் உண்மை பொய்யை ஆராய்வது நமது நோக்கமன்று. ஆயின் அக்கோயிலில் பிளேஸ் துரையின் பெயரைத் தாங்கிய தமிழ்க் கல்வெட்டு உள்ளது என்பது மெய். அக்கட்டடப் பணியைக் கும்பினி ஜாகீர் கலெக்டரின் ‘தருமம்’ என்று அது கூறுகிறது. ‘நன்றி’ என்னும் சொல் அதில் இல்லை.

இது நம் சிந்தனைக்குரியது. ஓர் ஆங்கிலேயர் தம் மொழியில் இச்செயலுக்கு விளக்கம் கூறியிருப்பாராயின், தாம் ‘தேங்க்புல்’ ஆக இருப்பதாகச் சொல்லியிருப்பார். தமிழ்க் கல்லோ அவருடைய உள்ளத்து உணர்வைக் கூறவில்லை. அவர் செய்த செயலையே கூறிற்று. இந்த வேறுபாட்டைத் தொடக்கமாகக் கொண்டு, அவ்வாங்கிலப் பெயரடை நம் திருமறையில் எவ்வாறு தமிழாயிற்று என்பதையும், அச்சொல் நம் சபைகளின் வாழ்வில் எத்தகைய பொறுப்பைச் சுமத்துகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. ஆங்கிலச் சொல்லும் மூலமொழிகளும்

நன்றியுணர்வைக் குறிக்க ஆங்கிலத்தில் இரு பெயரடைகள் வழங்குகின்றன. ‘தேங்க்புல்’ என்பது பழைய செருமானிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. ‘எண்ணுதல்’ என்னும் பொருளுடைய ‘திங்க்’ என்ற வினையும் இதுவும் ஒரே வேரினின்று கிளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் இதன் அடிச்சொல் எண்ணத்தையும் நல்லெண்ணத்தையும் குறித்தது. ஆகவே பெற்ற நன்மையை நினைவில் நிறுத்துதல் என்பதே இதன் முதற்பொருள். ‘கிரேட்புல்’ என்பது இலத்தீன் வழி வந்தது. அருளையும் இனிமையையும் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. இன்றைய வழக்கில், ஒருவர் தமக்குச் செய்த உதவியை நோக்கி நிற்பது ‘கிரேட்புல்’; தீங்கு நீங்கியது, வாழ்வு நிலைத்தது போன்றவற்றை எண்ணிப் பெரும்பாலும் கடவுளை நோக்கி நிற்பது ‘தேங்க்புல்’ எனப் பொதுவாகப் பிரித்துரைப்பர். எனினும் இப்பிரிவு கண்டிப்பானதன்று.

1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறையில் ‘கிரேட்புல்’ இடம்பெறவில்லை. ‘தேங்க்புல்’ மூன்றே இடங்களில் வருகிறது: சங்கீதம் 100:4, ரோமர் 1:21, கொலோசெயர் 3:15. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தோன்றும் இவை மூலமொழிகளில் வெவ்வேறானவை. சங்கீதத்தில் உள்ள எபிரேய வினை அறிக்கையிடுதல், புகழ்தல் என்னும் பொருளது. ரோமரில் உள்ளது நன்றி செலுத்துதலைக் குறிக்கும் கிரேக்க வினை. கொலோசெயரில் மட்டுமே உண்மையான பெயரடை காணப்படுகிறது. ‘யூகாரிஸ்டோஸ்’ என்னும் அப்பெயரடை புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. அதன் எதிர்மறை வடிவம் லூக்கா 6:35, 2 தீமோத்தேயு 3:2 ஆகிய ஈரிடங்களில் உண்டு.

எபிரேய மொழியைப் பற்றிப் பழைய ஏற்பாட்டு அறிஞர் கிளாஸ் வெஸ்டர்மன் 1954இல் வெளியிட்ட சங்கீத ஆய்வில் ஓர் உண்மையை வலியுறுத்தினார். ‘நன்றி கூறுதல்’ என்பதற்கெனத் தனிச்சொல் எபிரேயத்தில் இல்லை. ‘தோடா’ என நாம் நன்றிப்பலியோடு சேர்த்து அறியும் சொல், கடவுளின் செயலைப் பலர் முன் அறிக்கையிட்டுப் புகழ்தலையே குறிக்கிறது என்பது அவர் கருத்து. இதனை நாம் நினைவிற்கொள்வது நலம். இந்திய மொழிகளில் நன்றி சொல்வதற்குச் சொல்லே இல்லை என்றும், ஆகவே அவற்றைப் பேசுவோரிடம் அவ்வுணர்வே குறைவு என்றும் ஐரோப்பியர் பலர் எழுதி வந்தனர். அவ்வளவுகோலைக் கொண்டு அளந்தால், சங்கீதக்காரனும் தீர்க்கதரிசிகளும் அதே குற்றச்சாட்டுக்கு உள்ளாவர்! சொல் இல்லாமை உணர்வு இல்லாமைக்குச் சான்றாகாது. ஒரு மொழி அவ்வுணர்வை எங்கு வைத்துக் காண்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

2. தமிழில் ‘நன்றி’

தமிழில் ‘நன்றி’ என்பது முதற்கண் நன்மையைக் குறிக்கும். ஒருவர் மற்றவருக்குச் செய்த உதவியைக் குறிக்கும். பெற்றவரின் உணர்வையோ அவர் கூறும் சொல்லையோ குறிக்கும் வழக்கு பிற்பட்டது. இதனாலேயே திருக்குறளின் பதினோராம் அதிகாரத்திற்கு ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர் அமைந்தது. ‘செய்ந்நன்றி’ என்பது பிறர் செய்த நன்மை; அதனை ‘அறிதல்’ பெற்றவரின் கடமை. அவ்வறிதலை மறவாமை என விளக்குவார் பரிமேலழகர். புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழாரும், மற்றக் கொடும்பாவங்களுக்குக் கழுவாய் உண்டு, பிறர் செய்த நன்மையைச் சிதைத்தவருக்கு உய்தி இல்லை என்னும் கருத்தைப் பாடுகிறார். நன்மையை ‘மறத்தல்’ என்பதோடு நில்லாது ‘கொல்லுதல்’ என்றே பண்டைத் தமிழர் கூறினர். செய்த நன்மை உயிருள்ளதாய், பெற்றவரின் கையில் ஒப்படைக்கப்பட்டதாய்க் கருதப்பட்டது.

ஆகவே மதுராந்தகக் கல்வெட்டில் நன்றி என்னும் சொல் இல்லாதது வியப்புக்குரியதன்று. பெற்ற நன்மையை அறிந்தவர் மற்றொரு நன்மை செய்வார். அது தருமம் எனப்படும். இச்சொல்லைத் திருச்சபையும் ஏற்றது. இரேனியுஸ் ஐயர் 1830இல் திருநெல்வேலியில் கிறிஸ்தவர்களின் குடியேற்றத்திற்கு நிலம் வாங்குவதற்கென நிறுவிய சங்கத்திற்குத் ‘தர்ம சங்கம்’ என்றே பெயர் வழங்கிற்று.

வாயாற் கூறும் நன்றிக்கு முற்காலத்தில் வேறு சொற்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த கூட்டங்களின் இறுதியில் ஒருவர் ‘வந்தனோபசாரம்’ கூறுவது வழக்கம். தனித்தமிழ் உணர்வு பரவியபின் அது ‘நன்றியுரை’ ஆயிற்று. இன்று ‘நன்றி’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நன்மையின் பெயராக இருந்த சொல், நன்மை பெற்றவர் கூறும் ஒரு மரியாதைச் சொல்லாகச் சுருங்கியதை இங்குக் காண்கிறோம்.

3. மொழிபெயர்ப்பாளர் வகுத்த வழி

1714–15ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடும், பெப்ரீசியுஸ், இரேனியுஸ் ஆகியோரின் திருப்புதல்களும் முன்னோடிகளாக அமைய, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முழுத் திருமறையும் திருத்திய பதிப்பாக வெளிவந்தது. பவர் தமிழிலக்கியப் பயிற்சி மிக்கவர். சீவக சிந்தாமணியின் நாமகளிலம்பகத்தைப் பதிப்பித்தவர். இப்பதிப்பில் நாம் மேலே கண்ட மூன்று இடங்களும் மூன்று விதமாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

சங்கீதம் 100இல், எபிரேய வினைக்கு ஏற்பத் ‘துதித்தல்’ வந்தது. ரோமர் 1:21இல் ‘ஸ்தோத்திரித்தல்’ வந்தது. கொலோசெயர் 3:15இல் மட்டும் ‘நன்றியறிதலுள்ளவர்’ என்னும் சொல் ஆளப்பட்டது. எதிர்மறை வரும் ஈரிடங்களிலும் ‘நன்றியறியாதவர்’ என்பதே உள்ளது. ஆங்கிலத்தின் ஒரே சொல்லைப் பின்பற்றாது மூலமொழிகளின் வேறுபாட்டை நோக்கியே தமிழ் அமைந்தது என்பது இதனாற் புலப்படும்.

இன்னொரு பாகுபாடும் உண்டு. நன்றி செலுத்துதலைக் குறிக்கும் அதே கிரேக்க வினை, கடவுளை நோக்கி வரும் இடங்களில் ‘ஸ்தோத்திரம்’ என்றே பெயர்க்கப்பட்டது. திருவிருந்தில் பாத்திரத்தை எடுத்தபோதும் (மத். 26:27), எல்லாவற்றிலும் நன்றி செலுத்துமாறு பவுல் கூறும்போதும் (1 தெச. 5:18) அச்சொல்லே வருகிறது. ஆனால் பவுல் அவ்வினையை மனிதரை நோக்கி ஆளும் இடம் ஒன்றே ஒன்றுண்டு. அது ரோமர் 16:4. தமக்காகக் கழுத்தை நீட்டிய பிரிஸ்கில்லாளையும் ஆக்கில்லாவையும் பற்றிப் பேசும் அவ்விடத்தில் ‘ஸ்தோத்திரம்’ பொருந்தாது என உணர்ந்து, ‘நன்றியறிதலுள்ளவர்’ என்றே பெயர்த்தனர். ஸ்தோத்திரம் என்னும் வடசொல் புகழ்பாடுதலைக் குறிப்பது. அது கடவுளுக்குரியதாக வைக்கப்பட்டது. மனிதர் செய்த நன்மைக்கோ ‘அறிதல்’ வேண்டும்.

இலக்கண முறையிலும் இச்சொல் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தைப் போலத் தமிழில் தனித்து நிற்கும் பெயரடைகள் மிகுதியாக இல்லை. பெயரோடு ‘உள்ள’ என்பதையோ, வினையின் எச்சத்தையோ கொண்டே பண்பைக் கூறுகிறோம். ‘நன்றியுள்ளவர்’ என்று மட்டும் கூறியிருந்தால், பழைய பொருளில் அது நன்மையுடையவர் என்றே நிற்கும். ‘அறிதல்’ சேர்ந்தபோதுதான் பெற்றவரின் நிலை விளங்குகிறது. இன்று பேச்சிலும் எழுத்திலும் ‘நன்றியுள்ளவர்’ என்பதே பெருவழக்கு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, ஸ்தோத்திரத்திற்கு மாறாக ‘நன்றி செலுத்துதல்’ என்பதை ஆண்டு, திருவிருந்தின் கிரேக்கப் பொருளைத் தெளிவாக்கிற்று. இது பெரும் ஊதியமே. எனினும் ‘அறிதல்’ என்னும் உறுப்பு வழக்கினின்று மறையுமாயின், நாம் இழப்பதும் சிறிதன்று. அதனை அடுத்த பகுதியில் காண்போம்.

4. செய்யப்பட்ட நன்மையும் கேட்கப்பட்ட நன்றியும்

செங்கற்பட்டுப் பகுதியின் கிராமச் சபைகளில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர். அவர்தம் முன்னோர் மிராசுதார்களின் நிலங்களில் படியாட்களாக உழைத்தவர். மிராசு உரிமையை விரிவாக ஆராய்ந்து எழுதிய முதல்வருள் பிளேஸ் ஒருவர். அவருக்குப் பின் எல்லிஸ் துரை இதுபற்றி எழுதிய நூல் 1818இல் அச்சாயிற்று. நிலமும் நீரும் குடியிருப்பு மனையும் மிராசுதாருக்குரியவை என்று கருதப்பட்ட அம்முறையில், களத்தில் அளக்கப்பட்ட கூலி நெல்லும், குடிசை போட விட்ட மனையும், திருமணத்திற்கும் சாவிற்கும் கொடுத்த முன்பணமும் ‘செய்த நன்மை’ எனக் கணக்கிடப்பட்டன. உழைத்தவரின் உழைப்பு எவர் கணக்கிலும் நன்மையாக எழுதப்படவில்லை. உப்பிட்டவரை நினைக்குமாறு கூறும் பழமொழி உண்டவனுக்கே ஓதப்பட்டது. உப்பு விளைத்தவனை நினைக்குமாறு எவரும் கூறவில்லை. தனக்கென ஒரு மனை வேண்டும் என்று கேட்டவன் ‘நன்றி கெட்டவன்’ ஆனான்.

1891இல் மாவட்டக் கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், இம்மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஸ்காத்லாந்து சுயாதீன சபையின் ஆதம் ஆண்டுரு ஐயரைப் போன்ற மிஷனெரிகளும் மனை உரிமைக்காகவும் நில உரிமைக்காகவும் வாதாடினர். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களே ‘பஞ்சமி நிலம்’ எனப் பெயர் பெற்றன. அவற்றுள் பல பின்னாளில் பிறர் கைக்குச் சென்றன. நூறாண்டுகளுக்குப் பின், மாமல்லபுரத்திற்கு அண்மையிலுள்ள காரணையில் அத்தகைய நிலத்தை மீட்க மக்கள் போராடினர். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர்.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நம் சொல்லின் முழுப்பொருள் தெளிவாகிறது. நன்றியை ஓர் உணர்வாக மட்டும் கொண்டால், அதை மேலிருப்போர் கீழிருப்போரிடம் கேட்டுப் பெறலாம். பணிவும் மௌனமும் அதன் அடையாளங்கள் ஆகிவிடும். நன்றி ‘அறிதல்’ ஆகும்போது, யார் யாருக்கு என்ன நன்மை செய்தார் என்று கேட்க வேண்டியதாகிறது. அக்கேள்வி எழுந்தால், சோறு பெற்றவர் மட்டுமல்லாது சோற்றை விளைவித்தவரின் உழைப்பை உண்டவரும் விடை கூற வேண்டும்.

இதற்குத் திருக்குறள் அதிகாரங்களின் வைப்புமுறையே சான்று. செய்ந்நன்றி அறிதலை அடுத்து நடுவு நிலைமை வைக்கப்பட்டுள்ளது. இதற்குப் பரிமேலழகர் கூறும் காரணம் ஆழமானது. தமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்நன்மையை நினைக்கும்போது ஒருவரது நடுவுநிலைமை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வரிசை என்பது அவர் விளக்கத்தின் கருத்து. நன்றியறிதலின் பெருமையைக் கூறிய அதே மரபு, அது நீதியின் வாயை அடைத்துவிடலாம் என்பதையும் அறிந்திருந்தது.

5. திருமறையின் சாட்சி

திருமறையும் இவ்வபாயத்தை அறியாததன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 24:3இல் ‘நன்றியறிதல்’ என்னும் இதே சொல் தெர்த்துல்லு என்னும் வழக்குரைஞனின் வாயில் வருகிறது. தேசாதிபதி பேலிக்ஸ் நாட்டுக்குச் செய்த நன்மைகளை அவன் மிகுந்த நன்றியறிதலுடன் எடுத்துரைக்கிறான். அம்முகவுரைக்குப் பின் பவுலின்மீது குற்றம் சுமத்துகிறான். அதிகாரத்தின் முன் கூறப்படும் நன்றி, குற்றமற்றவனைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதை லூக்கா நமக்குக் காட்டுகிறார்.

அதே லூக்கா, இறுதி விருந்தின்போது இயேசு கூறியதையும் பதிவு செய்கிறார் (லூக். 22:25–27). அதிகாரம் செலுத்துவோர் ‘உபகாரிகள்’ என்று அழைக்கப்படும் உலக வழக்கைச் சுட்டி, சீடரிடையே அவ்வாறு இருத்தலாகாது என்கிறார். தாம் அவர்கள் நடுவில் பணிவிடைக்காரராய் இருப்பதாகக் கூறுகிறார். அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து நன்றி செலுத்திய அதே பந்தியில் இச்சொற்கள் கூறப்பட்டன என்பதை மறத்தலாகாது. பிறர் நன்றியைத் தம் அதிகாரத்திற்கு அடித்தளமாக்குவோருக்குத் திருவிருந்தில் தலைமையிடம் இல்லை.

இவ்வொளியில் கொலோசெயர் 3:15ஐ மீண்டும் நோக்குவோமாக. நன்றியறிதலுள்ளவராயிருக்குமாறு கூறும் கட்டளை தனித்து நிற்கவில்லை. ஒரே சரீரமாக அழைக்கப்பட்டவர்கள் என்னும் கூற்றை அடுத்தே அது வருகிறது. யூதர் என்றும் கிரேக்கர் என்றும், அடிமை என்றும் சுயாதீனர் என்றும் வேறுபாடு இல்லை என அதே அதிகாரம் முன்னரே கூறிவிட்டது. சரீரத்தில் கை காலுக்குக் கடன்பட்டது. காலும் கைக்குக் கடன்பட்டது. அடிமை எசமானுக்கு மட்டும் நன்றியறிய வேண்டும் என்னும் பொருளுக்கு இங்கு இடமே இல்லை. ரோமர் 16:4இல் புறஜாதிச் சபைகளெல்லாம் கூடாரத் தொழிலாளர் இருவருக்கு நன்றியறிதலுள்ளவையாய் இருப்பதும் இதனை உறுதிப்படுத்தும்.

6. சபை வழக்கில் இச்சொல்

நம் சபைகளில் நன்றி இன்றும் பெரும்பாலும் செயலாகவே வெளிப்படுகிறது. பிறந்தநாள், திருமணநாள், நோய் நீங்கியமை ஆகியவற்றிற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். உலையிடுமுன் பெண்கள் எடுத்து வைக்கும் பிடி அரிசி, அறுப்பின் பண்டிகையில் கொணர்ந்து ஏலமிடப்படும் நெல்லும் பூசணியும் கோழியும், தமிழ்க் கிறிஸ்தவரின் நன்றியறிதலுக்குச் சாட்சிகள். ‘தோத்திரம்’ என்று கூறி ஒருவரையொருவர் வாழ்த்தும் வழக்கமும் அழகியது. இவற்றை அந்நிய மரபின் எச்சமென இகழ்தல் தவறு.

எனினும் நாம் நம்மையே ஆராய்ந்து பார்க்கவேண்டிய இடங்களும் உள. காணிக்கை கொடுத்தவரின் பெயரும் தொகையும் பலமுறை வாசிக்கப்படும்போது, ஆலயத்தைப் பெருக்கி விளக்கேற்றுபவரின் பெயர் வாசிக்கப்படுகிறதா? மிஷனெரிகளின் தியாகத்தை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், அவர்களோடு நடந்து சென்ற உபதேசியாரையும் வேதாகமப் பெண்களையும் நினைவுகூர்கிறோமா? ஊதியமோ உரிமையோ கேட்கும் சபைப் பணியாளரை நோக்கி, ‘சபை உனக்குச் செய்ததை மறந்தாயோ’ என்று கேட்பவர்கள், அவர் சபைக்குச் செய்ததை அறிந்து கேட்கிறார்களா? ‘நன்றியறிதலுள்ளவர்’ என்னும் நம் திருமறைச் சொல் இக்கேள்விகளை எழுப்பாமல் விடாது.

ஆங்கிலப் பொது வழிபாட்டு நூலில் 1662இல் சேர்க்கப்பட்ட பொது நன்றியறிக்கை, உள்ளம் மெய்யாகவே ‘தேங்க்புல்’ ஆகவேண்டுமென்று மன்றாடி, அந்நன்றி உதடுகளில் மட்டுமன்றி வாழ்விலும் விளங்கவேண்டும் என்று வேண்டுகிறது. உள்ளத்திலிருந்து வாழ்வுக்குச் செல்வது அதன் வழி. தமிழோ செய்யப்பட்ட நன்மையிலிருந்து தொடங்கி, அதனை அறிதலின் வழியாக மற்றொரு நன்மைக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

மதுராந்தகம் ஏரிக்கரையில் இன்றும் நீர் நிற்கிறது. அக்கரையைக் காத்தவர் இராமர் என்று கதை கூறுகிறது. கோயிற் பணி பிளேஸ் துரையின் தருமம் என்று கல் கூறுகிறது. தலைமுறை தலைமுறையாக அக்கரைக்கு மண் சுமந்தவரைப் பற்றி அக்கல் ஒன்றும் கூறவில்லை. அவர்களது வழிவந்தோர் நம் சபைகளில் அமர்ந்திருக்கின்றனர். வரும் அறுப்பின் பண்டிகையில் கொலோசெயர் 3:15ஐப் பிரசங்கிக்கவிருக்கும் அருட்பணியாளர், நன்றியறிதலுள்ளவர்களாய் இருக்குமாறு அவர்களுக்குப் போதிக்குமுன், அவர்களுக்கு நாம் எவ்வளவு நன்றியறிய வேண்டியவர்கள் என்பதைத் தம் உள்ளத்தில் எண்ணிப் பார்ப்பாராக.